டார்டாரிக் அமிலத்தின் முப்பரிமாண வேதியியல்

டார்டாரிக் அமிலம் என்பது புளி, திராட்சை போன்ற பழங்களில் இயற்கையாகக் காணப்படும் ஒரு கரிம அமிலம் ஆகும். புளியின் புளிப்புக்கு முதன்மையான காரணம் இதுவே. இதன் மூலக்கூறில் நான்கு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஆறு ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. நான்கு கார்பன்களும் ஒரே தொடராக அமைந்துள்ளன. இரு முனைகளிலும் கார்பாக்சில் தொகுதிகளும், நடுவிலுள்ள இரு கார்பன்களில் ஆளுக்கு ஒரு ஹைட்ராக்சில் தொகுதியும் இருக்கின்றன.

பள்ளிப் பாடநூல்களில் ஆல்க்கீன்களின் சேர்க்கை வினை ஓர் இடத்திலும், சர்க்கரைகளின் புறவெளி அமைப்பு வேறோர் இடத்திலும் வருகின்றன. இவ்விரண்டும் ஒரே மூலக்கூறில் சந்திக்கும் இடம் டார்டாரிக் அமிலம். இதை நன்கு புரிந்துகொண்டவர், மேற்கண்ட இரு பாடங்களிலும் மனப்பாடம் செய்ய வேண்டிய பலவற்றைத் தாமே வருவித்துக்கொள்ள இயலும்.

கிருஷ்ணகிரிப் பகுதியில் புளி

தமிழ்நாட்டில் புளி மிகுதியாக விளையும் பகுதிகளில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்கள் குறிப்பிடத்தக்கவை. 2004ஆம் ஆண்டு வரை இவ்விரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தன. கர்நாடக எல்லையை ஒட்டிய அஞ்செட்டிப் பகுதியிலுள்ள உரிகம் என்னும் ஊரின் பெயரால் 'உரிகம் புளி' என்றொரு வகையே வழங்குகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் புழங்கும் ஓசூர்ச் சந்தையில் இதே பொருள் புளி, சிந்தபண்டு, ஹுணசே ஹண்ணு என மூன்று பெயர்களில் விற்கப்படுகிறது.

புளியின் சதைப்பகுதியில் டார்டாரிக் அமிலம் பொதுவாக 8 முதல் 18 விழுக்காடு வரை உள்ளது. இதில் ஒரு பகுதி பொட்டாசியம் உப்பாக இருக்கிறது. அதே சதையில் குளுக்கோசும் ஃபிரக்டோசும் மிகுந்த அளவில் உள்ளன. மற்ற பல பழங்கள் பழுக்கும்போது அவற்றின் அமிலம் குறைந்து இனிப்பு கூடும். புளியில் இனிப்பு கூடினாலும் டார்டாரிக் அமிலம் பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது. ஆகவேதான் பழுத்த புளியும் புளிக்கிறது.

மூன்று வடிவங்கள்

ஒரு கார்பனுடன் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்திருந்தால் அது சீர்மையற்ற கார்பன் எனப்படும். டார்டாரிக் அமிலத்தில் நடுவிலுள்ள இரண்டு கார்பன்களும் அத்தகையவை. 'சீர்மையற்ற கார்பன்களின் எண்ணிக்கை இரண்டு எனில் மாற்றியங்கள் நான்கு' என்ற பொது விதியின்படி நான்கு வடிவங்கள் இருக்க வேண்டும். ஆனால், மூலக்கூறின் மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒரே தொகுதிகளைக் கொண்டிருப்பதால் அவற்றுள் இரண்டு ஒன்றேயாகிவிடுகின்றன. எனவே மூன்று வடிவங்களே உள்ளன.

- வலஞ்சுழி வடிவம்: முனைவுற்ற ஒளியின் தளத்தை வலப்புறமாகத் திருப்பும். நீர்க்கரைசலில் இதன் தன் சுழற்சி சுமார் +12 பாகை. உருகுநிலை 168–170 டிகிரி செல்சியஸ். புளியிலும் திராட்சையிலும் இருப்பது இதுவே.
- இடஞ்சுழி வடிவம்: மேலதன் ஆடி பிம்பம். சுழற்சி −12 பாகை. உருகுநிலை முதலிலுள்ளதைப் போன்றதே.
- மீசோ வடிவம்: மூலக்கூறுக்குள்ளேயே ஒரு சீர்மைத் தளம் உண்டு. மேற்பாதி வலப்புறம் திருப்பும் அளவுக்குக் கீழ்ப்பாதி இடப்புறம் திருப்புவதால் சுழற்சி சுழியாகும். உருகுநிலை 146–148 டிகிரி.

முதல் இரண்டும் சம அளவில் கலந்தால் கிடைப்பது இரசிமிக் அமிலம். இதற்கும் சுழற்சி சுழியே. ஆனால் இதன் உருகுநிலை 206 டிகிரி. 20 டிகிரி வெப்பநிலையில் 100 மில்லிலிட்டர் நீரில் வலஞ்சுழி அமிலம் சுமார் 139 கிராம் கரைய, இரசிமிக் அமிலம் சுமார் 21 கிராம் மட்டுமே கரைகிறது. மீசோ, இரசிமிக் ஆகிய இரண்டும் ஒளியைத் திருப்பாதவையாயினும் காரணங்கள் வேறு என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மீசோ ஒரே சேர்மம். அதன் ஈடுசெய்தல் மூலக்கூறுக்கு உள்ளேயே நடக்கிறது. இரசிமிக் என்பது இரண்டு சேர்மங்களின் கூட்டு. அங்கு ஈடுசெய்தல் மூலக்கூறுகளுக்கு இடையே நடக்கிறது. ஆகவே இரசிமிக் அமிலத்தை இரண்டாகப் பிரிக்கலாம். மீசோவைப் பிரிக்க முடியாது.

பாஸ்டரின் ஆய்வு

1769இல் சுவீடன் வேதியியலாளர் ஷீல, திராட்சை மது நொதிக்கும் பாத்திரங்களில் படியும் உப்பிலிருந்து டார்டாரிக் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். பின்னர், அதே இயைபு கொண்டும் ஒளியைத் திருப்பாத இரசிமிக் அமிலம் கண்டறியப்பட்டது. ஒரே இயைபு, வேறுபட்ட பண்பு என்னும் இப்புதிருக்கு 1848இல் லூயி பாஸ்டர் விடை கண்டார்.

இரசிமிக் அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பைப் படிகமாக்கியபோது, வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமான இருவகைப் படிகங்கள் இருப்பதை அவர் கவனித்தார். அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்துத் தனித்தனியே கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலப்புறமும் மற்றது இடப்புறமும் திருப்பியது. சம எடையில் கலந்தால் சுழற்சி மறைந்தது.

இவ்வுப்பு சுமார் 27 டிகிரிக்குக் கீழ்ப் படிகமானால் மட்டுமே இவ்வாறு இருவகைப் படிகங்களாகப் பிரியும். அதற்கு மேற்பட்ட வெப்பநிலையில் இரண்டும் ஒரே படிகத்துக்குள் சேர்ந்துவிடும். கிருஷ்ணகிரியின் சித்திரை வெயிலில் இச்சோதனை பலிக்காது. ஓசூரின் மார்கழிக் குளிரில் பலிக்கும். பாஸ்டருக்குப் பாரிசின் குளிர்ந்த காலநிலை துணைநின்றது.

மூலக்கூறு ஏன் இருகை வடிவம் கொள்கிறது என்பதற்கான விளக்கத்தை 1874இல் வாண்ட் ஹாஃப், லெ பெல் ஆகிய இருவரும் தனித்தனியே அளித்தனர். கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி அமைகின்றன என்பதே அவ்விளக்கம்.

ஆல்க்கீனிலிருந்து டார்டாரிக் அமிலம்

நடு இரு கார்பன்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள நான்கு கார்பன் இரு கார்பாக்சிலிக் அமிலங்கள் இரண்டு உள்ளன. கார்பாக்சில் தொகுதிகள் ஒரே பக்கம் இருந்தால் அது மலியிக் அமிலம் (சிஸ்). எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் ஃபியூமரிக் அமிலம் (டிரான்ஸ்). இரட்டைப் பிணைப்பில் இரு ஹைட்ராக்சில் தொகுதிகளைச் சேர்த்தால் இரண்டிலிருந்தும் டார்டாரிக் அமிலம் கிடைக்கும். எந்த வடிவம் கிடைக்கும் என்பதே கேள்வி.

1880, 1881 ஆண்டுகளில் கெக்குலேயும் ஆன்ஷூட்சும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொண்டு இதைச் செய்துகாட்டினர். ஃபியூமரிக் அமிலம் இரசிமிக் அமிலத்தைத் தந்தது. மலியிக் அமிலம் மீசோ வடிவத்தைத் தந்தது. குளிர்ந்த, நீர்த்த, காரத்தன்மையுள்ள பெர்மாங்கனேட்டு, பேயர் வினைப்பொருள் என்ற பெயரில் இன்றும் பள்ளி ஆய்வகங்களில் நிறைவுறாத் தன்மையைச் சோதிக்கப் பயன்படுகிறது.

பெர்மாங்கனேட்டு அயனி இரட்டைப் பிணைப்பின் ஒரே முகத்தில் வந்து அமர்ந்து, இரண்டு ஆக்சிஜன் அணுக்களையும் ஒருசேர அளிக்கிறது. இடையில் மாங்கனீசு அடங்கிய ஒரு வளையம் உருவாகி, பின் நீரால் உடைகிறது. இரு தொகுதிகளும் ஒரே முகத்தில் சேர்வதால் இது ஒருமுகச் சேர்க்கை எனப்படும். மாறாக, புரோமின் சேரும்போது முதலில் ஒரு முகத்தில் புரோமோனியம் அயனி என்னும் மூன்றணு வளையம் உண்டாகிறது. அடுத்த புரோமைடு அயனி வளையத்தின் பின்புறமிருந்தே தாக்க இயலும். இது எதிர்முகச் சேர்க்கை. இதனால் நான்கு நிலைகள் உண்டாகின்றன.

- சிஸ் ஆல்க்கீன், ஒருமுகச் சேர்க்கை: மீசோ
- சிஸ் ஆல்க்கீன், எதிர்முகச் சேர்க்கை: இரசிமிக்
- டிரான்ஸ் ஆல்க்கீன், ஒருமுகச் சேர்க்கை: இரசிமிக்
- டிரான்ஸ் ஆல்க்கீன், எதிர்முகச் சேர்க்கை: மீசோ

இரட்டைப் பிணைப்பின் இருபுறமும் ஒரே தொகுதிகள் அமைந்து, சேரும் இரு தொகுதிகளும் ஒன்றாகவே இருக்கும்போது மட்டும் இப்பட்டியல் பொருந்தும். டிரான்ஸ் 2-பியூட்டீனுடன் புரோமின் சேர்ந்தால் மீசோ சேர்மமும், சிஸ் 2-பியூட்டீனுடன் சேர்ந்தால் இரசிமிக் கலவையும் கிடைப்பது இதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு.

மாதிரி செய்து அறிதல்

இப்பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டு களிமண் உருண்டைகளை இரண்டு ஈர்க்குச்சிகளால் இணைத்து மேசைமேல் படுக்கவைக்கவும். ஒவ்வோர் உருண்டையிலும் மேசைக்கு இணையாக மேலும் இரு ஈர்க்குச்சிகளைச் செருகி, ஒன்றின் முனையில் புளியங்கொட்டையையும் (கார்பாக்சில்) மற்றதன் முனையில் சிறு களிமண் மணியையும் (ஹைட்ரஜன்) பொருத்தவும். புளியங்கொட்டைகள் ஒரே பக்கம் இருந்தால் மலியிக், எதிர்ப் பக்கங்களில் இருந்தால் ஃபியூமரிக்.

இப்போது இரட்டைக் குச்சிகளில் ஒன்றை உருவிவிட்டு, இரு உருண்டைகளின் மேலும் தீக்குச்சி ஒவ்வொன்றை நிறுத்தவும். மலியிக் மாதிரியில், உருண்டைகளுக்கு நடுவே ஒரு கண்ணாடியை நிறுத்தினால் ஒரு பாதி மற்றப் பாதியின் பிம்பமாகவே இருக்கும். அதாவது மீசோ. ஃபியூமரிக் மாதிரியில் அவ்வாறு பொருந்தாது. மேலும், தீக்குச்சிகளை மேலிருந்து செருகிய ஃபியூமரிக் மாதிரியும் கீழிருந்து செருகிய மாதிரியும் ஒன்றன் ஆடி பிம்பமாக மற்றொன்று அமையும். பெர்மாங்கனேட்டுக்கு மேல்முகமும் கீழ்முகமும் ஒன்றே. அது இரு பக்கமும் சம வாய்ப்புடன் வந்து சேர்வதால் இரண்டும் பாதிப் பாதியாக, இரசிமிக் அமிலமாகக் கிடைக்கின்றன.

இங்கிருந்து ஒரு பொது உண்மை விளங்கும். கைவடிவமற்ற பொருள்களை மட்டும் கொண்டு வினை நிகழ்த்தினால், ஒளி சுழற்றும் விளைபொருள் கிடைக்காது. ஒன்று மீசோ, அல்லது இரசிமிக். புளியமரம் வலஞ்சுழி வடிவத்தை மட்டும் உண்டாக்குவதற்குக் காரணம், அதன் நொதிகள் தாமே கைவடிவம் கொண்டவை என்பதே.

தொழில்முறைத் தயாரிப்பும் உணவுத் தரமும்

மலியிக் அமிலத்தை டங்ஸ்டேட்டு வினையூக்கியுடன் ஹைட்ரஜன் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றம் செய்தால் எப்பாக்சைடு உண்டாகும். அதை நீராற்பகுத்தால் நீர் மூலக்கூறு பின்புறமிருந்து தாக்கும். மொத்தத்தில் இது எதிர்முகச் சேர்க்கை. சிஸ் ஆல்க்கீனில் எதிர்முகச் சேர்க்கை என்பதால் கிடைப்பது இரசிமிக் அமிலம். பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செய்யப்படும் டார்டாரிக் அமிலம் இத்தகையது. அதே எப்பாக்சைடை நுண்ணுயிர் நொதியால் நீராற்பகுத்தால் வலஞ்சுழி வடிவம் மட்டும் கிடைக்கும்.

பன்னாட்டு உணவுச் சேர்க்கைப் பட்டியலில் 334 என்ற எண் வலஞ்சுழி வடிவத்துக்கே உரியது. 'டார்டாரிக் அமிலம்' என்னும் பெயர் மட்டும் போதாது. எந்த வடிவம் என்பதும் தெரிய வேண்டும். இதை ஒளிச்சுழற்சிமானி கொண்டு எளிதில் அறியலாம். 100 மில்லிலிட்டரில் 20 கிராம் வலஞ்சுழி அமிலம் உள்ள கரைசலை 2 டெசிமீட்டர் குழாயில் வைத்தால் சுழற்சி 12 × 2 × 0.20, அதாவது சுமார் +4.8 பாகை இருக்கும். இரசிமிக் அமிலமாயின் முள் சுழியிலேயே நிற்கும்.

சர்க்கரைகளுடன் உள்ள தொடர்பு

மூன்று கார்பன் கொண்ட கிளிசரால்டிஹைடிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு கார்பனாகக் கூட்டிச் சர்க்கரைகளின் வரிசை அமைக்கப்படுகிறது. ஃபிஷரின் வரைமுறையில் ஆல்டிஹைடு மேலே இருக்குமாறு எழுதும்போது, கீழ்க்கோடிச் சீர்மையற்ற கார்பனின் ஹைட்ராக்சில் வலப்புறம் இருந்தால் அது டி வரிசை. இடப்புறம் இருந்தால் எல் வரிசை.

டி-கிளிசரால்டிஹைடில் ஒரு கார்பனைக் கூட்டினால் டி-எரித்ரோஸ், டி-திரியோஸ் என்னும் இரு நான்கு கார்பன் சர்க்கரைகள் கிடைக்கும். எரித்ரோசில் இரு ஹைட்ராக்சில்களும் வலப்புறம் உள்ளன. திரியோசில் மேலது இடம், கீழது வலம். இவற்றை நைட்ரிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றம் செய்தால் இரு முனைகளும் கார்பாக்சில் ஆகிவிடும். அப்போது எரித்ரோஸ் மீசோ டார்டாரிக் அமிலத்தையும், டி-திரியோஸ் இடஞ்சுழி டார்டாரிக் அமிலத்தையும் தரும். ஒளியைத் திருப்புகிறதா இல்லையா என்று பார்த்தாலே எது எரித்ரோஸ், எது திரியோஸ் என்று சொல்லிவிடலாம். 1891இல் எமில் ஃபிஷர் குளுக்கோசின் அமைப்பை நிறுவியதும் இதே தருக்கத்தை ஆறு கார்பன் சர்க்கரைகளுக்கு விரித்துத்தான். குளுக்கோசின் திறந்த சங்கிலி வடிவில் நான்கு சீர்மையற்ற கார்பன்கள் உள்ளதால் 16 மாற்றியங்கள் உண்டு. இரு முனைகளும் வேறுபடுவதால் இங்கு மீசோ எதுவும் இல்லை.

டி, எல் என்பவை வரிசையைக் குறிப்பன. வலஞ்சுழி, இடஞ்சுழி என்பவை அளந்து அறியும் பண்பு. இவற்றுக்கிடையே நேரடித் தொடர்பு இல்லை. டி-குளுக்கோஸ் வலஞ்சுழி, டி-ஃபிரக்டோஸ் இடஞ்சுழி. புளியின் அமிலத்தில் இக்குழப்பம் இன்னும் கூடுகிறது. அதன் மேல் ஹைட்ராக்சில் வலப்புறமும் கீழ் ஹைட்ராக்சில் இடப்புறமும் உள்ளன. சர்க்கரை முறைப்படி கீழ்க் கார்பனை நோக்கினால் அது எல். அமில முறைப்படி மேல் கார்பனை நோக்கினால் டி. பழைய நூல்கள் சில ஒன்றையும் சில மற்றதையும் எழுதியிருப்பதற்கு இதுவே காரணம். ஆர், எஸ் முறையில் இத்தகைய ஐயம் எழாது: புளியிலுள்ளது 2ஆர்,3ஆர் வடிவம் ஆகும்.

உண்மை அமைப்பு

ஃபிஷரின் காலத்தில் ஒரு குறை இருந்தது. எல்லாச் சர்க்கரைகளின் ஒப்பு அமைப்பும் தெரிந்திருந்தாலும், டி-கிளிசரால்டிஹைடின் ஹைட்ராக்சில் உண்மையிலேயே வலப்புறந்தானா என்பது அனுமானமாகவே இருந்தது. தவறாவதற்கும் சரியாவதற்கும் வாய்ப்பு சமமாக இருந்தது. 1951இல் நெதர்லாந்தின் பைஃபூட்டும் அவருடன் பணியாற்றியோரும் டார்டாரிக் அமிலத்தின் சோடியம் ருபீடியம் உப்பை எக்ஸ் கதிர்களின் ஒழுங்கற்ற சிதறல் மூலம் ஆராய்ந்து, அந்த அனுமானம் சரியே என நிறுவினர். டார்டாரிக் அமிலம் சர்க்கரைகளோடு ஏற்கெனவே தொடர்புபடுத்தப்பட்டிருந்ததால், ஒரே அளவீட்டில் எல்லாச் சர்க்கரைகளின் அமைப்பும் உறுதியாயிற்று.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் இதே ஒழுங்கற்ற சிதறலைக் கொண்டு, மையச் சீர்மையற்ற படிகங்களின் அமைப்பை வருவிக்கும் முறையொன்றை 1956இல் வெளியிட்டனர்.

கைவடிவம் தேர்ந்து செய்யும் சேர்க்கை

ஆல்க்கீனின் ஒரு முகத்தில் மட்டும் வினை நிகழச் செய்ய வேண்டுமானால் கைவடிவமுள்ள துணைப்பொருள் தேவை. 1980இல் கட்சுகியும் ஷார்ப்லெஸும் டார்டாரிக் அமிலத்தின் டை எத்தில் எஸ்டரை டைட்டானியம் சேர்மத்துடன் பயன்படுத்தி ஆல்லைல் ஆல்கஹால்களை எப்பாக்சைடாக்கினர். வலஞ்சுழி எஸ்டரை இட்டால் ஒரு முகத்திலும், இடஞ்சுழி எஸ்டரை இட்டால் மறுமுகத்திலும் ஆக்சிஜன் சேர்ந்தது. இம்முறையை அடுக்கடுக்காகப் பயன்படுத்தி, நான்கு கார்பன் ஆல்லைல் ஆல்கஹாலொன்றை இரண்டிரண்டு கார்பன்களாக நீட்டி, எட்டு எல்-ஹெக்சோஸ் சர்க்கரைகளையும் ஷார்ப்லெஸ், மசமுனே குழுவினர் 1983இல் தொகுத்தனர். ஷார்ப்லெஸுக்கு 2001ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

பயன்கள்

ஃபெலிங் கரைசல்: ஒடுக்கும் சர்க்கரையைக் கண்டறியும் இக்கரைசலின் இரண்டாம் பகுதியில் சோடியம் பொட்டாசியம் டார்டரேட்டு உள்ளது. காரக் கரைசலில் தாமிர அயனி வீழ்படிவாகாமல் டார்டரேட்டு அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. புளி தேய்த்தால் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் பளிச்சிடுவதிலும் இதே டார்டரேட்டு பங்கேற்கிறது. புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறுவதும் இவ்வமிலத்தால்தான். பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசும் வழக்கம் இதைத் தடுக்கவே ஏற்பட்டது.

மருந்து: காசநோய் மருந்தான எத்தாம்பியூட்டாலுக்கும் இரண்டு ஒத்த சீர்மையற்ற மையங்கள் உண்டு, ஆகவே டார்டாரிக் அமிலம் போலவே அதற்கும் மூன்று வடிவங்கள். எஸ்,எஸ் வடிவமே நோயைக் குணமாக்குகிறது. ஆர்,ஆர் வடிவத்தின் ஆற்றல் அதைவிடப் பல நூறு மடங்கு குறைவு. ஆனால் கண் நரம்பைப் பாதிக்கும் இயல்பு எல்லா வடிவங்களுக்கும் உண்டு. பயனற்ற வடிவத்தை நீக்காமல் கொடுத்தால் நோயாளி பலனின்றி அந்த ஆபத்தை மட்டும் ஏற்க நேரும். எனவே இம்மருந்தின் மூலப்பொருளான 2-அமினோ பியூட்டனாலின் இரு கைவடிவங்களும் முதலில் பிரிக்கப்படுகின்றன. அதற்குப் பயன்படுவது வலஞ்சுழி டார்டாரிக் அமிலம். ஆடி பிம்பங்களான இரு அமீன்களும் இந்த அமிலத்துடன் சேரும்போது ஆடி பிம்பமல்லாத இரு உப்புகளாகின்றன. அவற்றின் கரைதிறன் வேறுபடுவதால் ஒன்று முதலில் படிகமாகிறது.

புளியங்கொட்டை: கொட்டை மாவிலுள்ள கூட்டுச் சர்க்கரையின் முதன்மைச் சங்கிலி பீட்டா பிணைப்பால் கோக்கப்பட்ட குளுக்கோஸ் ஆகும், அதன் கிளைகளில் சைலோசும் கேலக்டோசும் உள்ளன. அரிசி மாவின் குளுக்கோஸ் சங்கிலியோ ஆல்ஃபா பிணைப்பால் ஆனது. முதல் கார்பனில் உள்ள பிணைப்பின் திசை ஒன்றே இங்கு வேறுபாடு. நம் குடலிலுள்ள நொதிகள் ஆல்ஃபா பிணைப்பை உடைத்து அரிசியைச் செரிக்கின்றன. பீட்டா பிணைப்பை அவற்றால் உடைக்க முடிவதில்லை. புளியங்கொட்டை மாவு நெசவில் நூலுக்குக் கஞ்சி போடவும், உணவைக் கெட்டிப்படுத்தவும் பயன்படுகிறது.